‘ஏ’யா, ‘ஓ’வா?

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் தம்பிதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் பிரார்த்தனை முடித்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்தான். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் அவன் பெண்டாட்டி செருப்பு.

"அக்கா, எனக்குக் குழந்தை வரப்போகுது."

வேலையிலிருந்து ரிடையர் ஆகிப் பத்து நாள் ஆகாத தம்பி சொல்கிறான் இதை. அவன் மகனுக்கே முன்மண்டை வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. என் கண் எதிரே பால் பொங்குகிறது. அடுப்பை அணைக்கக் கை வரவில்லை.

"யாருக்குடா குழந்தை?"

"எனக்குத்தான்க்கா."

"அடப்பாவி! உன் பெண்டாட்டிக்கு ஐம்பத்தஞ்சு வயசுடா!"

"அவ பெறப்போறது இல்லக்கா. எடுக்கப்போறா. தத்து. அதுக்கு நானே சம்மதம் சொல்லிட்டேன்."

"சம்மதம் சொல்லிட்டு இங்க வந்து ஏன்டா அழறே?"

"சம்மதம் ‘ஏ’வுக்குச் சொன்னேன்க்கா. அவ அதை ‘ஓ’வுக்கு எடுத்துக்கிட்டா."

என்ன சொல்கிறான் இவன்? ஐயோ, ரிடையர் ஆனதில் மூளை ஏதாவது கலங்கிவிட்டதோ? முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வந்தது.

என் தம்பிக்கு, மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. அச்சாகும் முன்னால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு எழுத்து கோணினால் ஓடுகிற மெஷினையே நிறுத்திவிடுவான். அங்கே அவனுக்கு வைத்த பேர் ‘ஸ்பெல்லிங்’. வீட்டிலும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெண் யாரென்று பார்க்க மாட்டான். பிழை எங்கே என்று பார்ப்பான்.

அந்தக் கம்பெனியில் அவனுக்கு எப்போதும் விடியற்கால ஷிப்ட். ஊர் தூங்கும்போது எழுந்து, இருட்டில் சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டு போய், போய், பாவம், தூக்கத்தின் ருசியே தெரியாமல் போய்விட்டது. அதனால் வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து ஒரு சபதம் போட்டான். "இனிமேல் காலை எட்டு மணிக்கு முன்னால் என் கால் தரையில் படாது. சூரியன் முதலில் எழுந்து, வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து என்னை எழுப்பட்டும்!" எல்லாரும் கை தட்டினார்கள். அவன் பெண்டாட்டியும் தட்டினாள். மாலையோடு வீட்டுக்கு வந்தவன் அன்றைக்கே போய், சூரிய வெளிச்சம் புகாத கனமான திரைத்துணி வாங்கிப் படுக்கையறையில் மாட்டினான். அவனுக்கு அந்தத் தூக்கம்தான் பென்ஷன், அதுதான் சொத்து, அதுதான் சொர்க்கம்.

அப்படி ஒரு வாரம் சொர்க்கத்தில் இருந்தான். புதன்கிழமை சாயங்காலம் பெண்டாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். அவளுக்குத் தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வாய் அதிர்ந்து பேச மாட்டாள். அதிரவைக்கிற வேலையை மட்டும் செய்வாள்.

"என்னங்க, நல்லாத் தூங்கறீங்க இல்ல?"

"பின்னே?"

"உடம்பும் தேறிடுச்சு. இனிமே நாமளும் அடாப்ட் பண்ணிக்கலாமே?"

இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெண்டாட்டி வாயில் இங்கிலீஷ்! அதுவும் பொருத்தமான இடத்தில்! ரிடையர் ஆனவர்கள் புதிய வாழ்க்கைக்குத் தக்கபடி மாறிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஏதோ பேப்பரில் படித்திருக்கிறான். அதைத்தான் இவளும் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

"தாராளமா பண்ணிக்கலாம்! மனுஷனுக்கு அழகே அதுதான். அடாப்ட் பண்ணிக்காதவன் மனுஷனே இல்லை!"

"நிஜமாவா சொல்றீங்க? அப்புறம் மாற மாட்டீங்களே?"

"அட, மாறறதுக்குப் பேர்தான்டி அடாப்ட்!"

"நாலு பேர்கிட்ட சொல்லிடவா?"

"மைக் வச்சுச் சொல்லு!"

அவள் மைக் வைக்கவில்லை. பால் கடைக்காரரிடம் சொன்னாள். அதற்கு மேல் மைக் எதற்கு?

மறுநாள் எட்டரை மணிக்கு இவன் கடைக்குப் போனால், பால் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிடுகிறார்.

"சார், இந்த வயசுல யாருக்கு வரும் இந்த மனசு! எல்லாரும் பாத்துப் பரிதாபப்பட்டுட்டுப் போயிடுவோம். நீங்கதான் எங்களோடதுன்னு எடுத்துக்கறீங்க."

"எதை எடுத்துக்கறேன்?"

"அடாப்ட் பண்றீங்களாமே! அம்மா சொன்னாங்க. உங்க கை பட்டு அது நல்லா வளரட்டும் சார்."

வளரட்டும்! அந்த இடத்திலேயே அவனுக்கு முதுகுத்தண்டில் ஐஸ் கட்டியை வைத்த மாதிரி ஆகிவிட்டதாம். அடுத்தது முடிவெட்டுகிறவர். பாதி சவரத்தில் கத்தியை எடுத்துவிட்டு, "இன்னிக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன் சார். அநாதையாக் கிடந்ததுக்கு ஒரு வழி பண்றீங்க" என்றார். மீதிப் பாதி சவரத்துக்குக்கூட உட்காராமல் இவன் எழுந்து ஓடி வந்துவிட்டான்.

நான் அப்போதுதான் கவனித்தேன். என் தம்பிக்கு ஒரு கன்னத்தில் மட்டும் வெள்ளைத் தாடி.

"அக்கா, நல்லாப் பாரு." பொங்கி வழிந்த பாலைத் தொட்டு, அடுப்பு மேடையில் இங்கிலீஷில் இரண்டு எழுத்து எழுதினான். "இது ‘ஏ’. இது போட்டா அடாப்ட்னா நம்மளை நாம மாத்திக்கறது. புது ஊருக்குத் தக்க, புது வேலைக்குத் தக்க. இது ‘ஓ’. இது போட்டா, வெளியில இருக்கிற ஒண்ணை எடுத்து நம்மளோடதா ஆக்கிக்கறது. ஒரு குழந்தையை எடுக்கலாம். ஒரு பழக்கத்தை, ஒரு திட்டத்தைக்கூட எடுக்கலாம். ஏ-ன்னா நாம மாறணும். ஓ-ன்னா அது நம்ம வீட்டுக்கு வந்து சேரணும்."

"ரெண்டும் அடாப்ட்தானேடா?"

"இல்லவே இல்லக்கா! அது அடாப்ட். இது அடாப்ட்."

"அதைத்தானேடா நானும் சொன்னேன்."

"வாயைப் பாருக்கா. ஏ-வுக்கு வாய் அகலமாப் போகணும். ஓ-வுக்கு உருண்டையா வரணும்."

அகட்டியும் உருட்டியும் காட்டினான். எனக்குப் பல்வலிக்காரன் ஞாபகம்தான் வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே எழுத்துதானே? அப்புறம் ஏன் இவ்வளவு கலவரம்?

"சரி, அவகிட்டயே நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்க்கா! ‘நீ சொன்னது ஏ-யா ஓ-வா’ன்னு கேட்டேன். ‘வாயால பேசினதுக்கு ஏதுங்க ஸ்பெல்லிங்?’னு கேக்கறா!"

கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு மேலே கேட்டிருக்கிறான். அந்தப் பேச்சை அவன் அப்படியே என்னிடம் ஒப்பித்தான்.

"அது இப்ப எங்க இருக்கு?"

"நம்ம வீட்டுக்கு எதிர்லதாங்க. ரோட்டோரமா."

"ரோட்டோரமாவா! யாரோடது?"

"நகராட்சியோடது. எல்லாம் பேருக்குத்தான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்லை. போறவன் வர்றவன்லாம் அது மேல துப்பிட்டுப் போறான்."

"ஐயையோ! அது ஒண்ணும் சொல்லாதா?"

"அது என்னங்க சொல்லும்? அதுக்கு வாயா இருக்கு?"

கடவுளே, வாய் பேச முடியாத பிள்ளை! தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டானாம். கேட்டுக்கொண்டிருந்த நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதை வச்சுச் சமாளிக்க நம்மால ஆகுமா?"

"முதல் தடவை சுத்தம் பண்றதுதாங்க கஷ்டம். நாலு ஆளாவது வேணும்."

"குளிப்பாட்ட நாலு ஆளா!"

"வருஷக்கணக்கா சேர்ந்த அழுக்குங்க. அப்புறம் ஒண்ணுமில்லை, தினம் கொஞ்சம் தண்ணி காட்டினாப் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நகராட்சிலேருந்து ஒரு அம்மா வர்றாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு சம்மதம் சொல்லணுமாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் அன்றைக்கு மத்தியானம்தான். அதனால்தான் செருப்பு மாறியது தெரியாமல் ஓடி வந்திருக்கிறான்.

"அக்கா, நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஆனா இந்த வயசுல என்னால முடியாதுக்கா. ராத்திரி அழும், பகல்ல ஓடும். விடியறதுக்குள்ள எழுந்து நிக்கணும். நான் தூங்க ஆரம்பிச்சே ஒரு வாரந்தான் ஆகுது!"

கண்ணில் தண்ணீர் நின்றது. என் கூடப் பிறந்தவன் ஆயிற்றே. மத்தியானத்துக்குள் சமையலை முடித்து, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்ல வழி காட்டு ஆண்டவனே, என் தம்பியையும் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

"அக்கா, நீ பேசு."

"வீட்டுத் தலைவன் நீதானேடா?"

"தலைவன் நான்தான். பேச்சு அவளோடது."

நாங்கள் போனபோது அவள் நல்ல சேலை கட்டி, தலை வாரி, தயாராக நின்றாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க கையால ஆரம்பிச்சா நல்லா இருக்கும்."

தம்பி என் முழங்கையில் இடித்தான். நான் மெதுவாக, "அம்மா, உன் மனசு பெரிசு. ஆனா இவன் உடம்பு..." என்று தொடங்கினேன். அதற்குள் அவனே பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்துவிட்டான்.

"இதோ பாரு, நான் சொன்னது ஏ! எனக்கு ஓ வேண்டாம்! என்னால ஒரு குழந்தையை வளர்க்க முடியாது!"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். தோள்கூடக் குலுங்கியது.

"அழாதே அழாதே!" தம்பி பதறிவிட்டான். "குழந்தை மட்டும் வேண்டாம். வேற நீ என்ன கேட்டாலும் செய்றேன். அக்கா சாட்சி!"

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்!"

"அப்புறம் ஸ்பெல்லிங் சரியில்லைன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்!"

அவள் ஜன்னல் பக்கம் போனாள். திரையை விலக்கினாள்.

"அப்போ அதை எடுத்துக்கலாங்க."

நானும் தம்பியும் எட்டிப் பார்த்தோம். மூன்று தெரு சேருகிற இடத்தில் ஒரு முக்கோண மண்திட்டு. அதில் குப்பைப் பைகள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ கொண்டுவந்து போட்ட பழைய மெத்தை. குப்பை வழிந்து நடைபாதை முழுக்க அடைத்துக் கிடந்தது. ஊர் மண்ணுக்கு நாம் ஏன் உழைக்க வேண்டும் என்று தம்பி பல தடவை தட்டிக்கழித்த இடம்தான் அது.

"காப்பகத்துப் பிள்ளைங்க நடைபாதையில நடக்க இடமில்லாம ரோட்டுல இறங்கித்தான் போகுதுங்க. போன மாசம் என் கையைப் பிடிச்சிருந்த சின்னது ஒண்ணு வழுக்கி வண்டிக்கு முன்னால விழுந்துடுச்சு. டிரைவர் பிரேக் போட்டார், பிழைச்சுது. அந்த பிரேக் சத்தம் எனக்கு இன்னும் காதுல கேக்குதுங்க. இந்த இடத்தை யாராவது அடாப்ட் பண்ணிக்கிட்டா நகராட்சி வேலி போட்டுத் தருதாம், செடியும் தருதாம்."

எனக்கு அப்போதுதான் நின்றிருந்த மூச்சு வந்தது. தம்பிக்கோ வந்த மூச்சு சிரிப்பாக வெடித்தது.

"இவ்வளவுதானா! மண்ணா! வெறும் மண்ணா!"

குழந்தை இல்லை என்ற சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான். கீழே நகராட்சி அம்மா வந்து நின்றுகொண்டிருந்தார். பால் கடைக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாரும் கூடிவிட்டார்கள். தம்பி மண்திட்டின் மேலே ஏறி, அந்தக் கிழிந்த மெத்தையின் மேல் நின்று, ஒரு பிரசங்கமே செய்துவிட்டான்.

"இன்று முதல் இது எங்கள் பிள்ளை! ஓ போட்ட அடாப்ட்! எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஓ!"

கை தட்டல். நகராட்சி அம்மா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஒரே ஒரு விஷயம். இந்தத் தெருக் குழாய்ல தண்ணி விடியறதுக்கு முன்னாடிதான் வரும். அஞ்சரைக்கு வந்து ஆறு மணிக்கெல்லாம் நின்னுடும். தினம் அந்த நேரத்துல ஒருத்தர் வந்து செடிக்குப் பாய்ச்சணும். யார் வருவீங்க?"

தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எனக்கு அந்த நேரத்துல காப்பகத்துக்குச் சமையல் வேலை இருக்குங்கம்மா. இவர்தான் வருவார்" என்றாள் அவள். "இவ்வளவு வருஷமா விடியற்கால ஷிப்ட் பாத்தவர். அலாரமே வேண்டாம்."

மெத்தையின் மேல் நின்றிருந்தவன் மெதுவாக மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவள் அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது. ஆனால் அந்தக் கனமான திரைத்துணி மட்டும் என் கண் முன்னால் வந்து போனது.

மேலே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவன் பாய்ந்தான்.

"நீ முதல்ல குழந்தைன்னுதானே சொன்னே?"

"குழந்தைன்னு ஒரு தடவையாவது சொன்னேனா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

பிழை பார்க்கிறவன் ஆயிற்றே. காற்றில் விரலை வைத்து அந்தப் பேச்சை முதலிலிருந்து படித்தான். ரோட்டோரமா. சரி. நகராட்சியோடது. சரி. துப்பிட்டுப் போறான். சரி. வாய் இல்லை. சரி. தண்ணி காட்டணும். விரல் கடைசி வரைக்கும் போய், அப்படியே நின்றது. ஒரு இடத்திலும் பிழை இல்லை.

"நான் குழந்தைன்னு நினைச்சுப் பதறினது உனக்குத் தெரியும்!"

"தெரியுங்க."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"மண்ணுன்னு சொல்லியிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க. எத்தனை தடவை சொன்னீங்க!"

"என் தூக்கம்? என் எட்டு மணி?"

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சவரம் ஆகாத கன்னத்தை வாஞ்சையாகத் தடவினாள்.

"நான் அடாப்ட் பண்ணியாச்சுங்க. நீங்க அடாப்ட் பண்ணிக்கோங்க."

முதல் அடாப்ட்டுக்கு வாய் உருண்டையாக வந்தது. இரண்டாவதுக்கு அகலமாகப் போனது. நானே பார்த்தேன். ஒரு பிசகு இல்லை.

தம்பியும் பார்த்தான். வாயைத் திறந்தான். எந்த எழுத்துக்கும் பொருந்தாத ஒரு வடிவத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. நான் சிரிக்கக் கூடாது என்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பிரார்த்தனை செய்தேன். அதிலும் பாதி சிரிப்பாகத்தான் வந்தது. ஆண்டவன் மன்னிக்கட்டும்.

இப்போது அங்கே வேலி போட்டாயிற்று. செடிகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. பிள்ளைகள் வரிசையாக நடைபாதையிலேயே போகிறார்கள். விடியாத நேரத்தில் ஒரு ஆள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ரப்பர் குழாயைப் பிடித்து நிற்பான். சில நாள் தண்ணீர் செடிக்குப் போகும், சில நாள் அவன் காலுக்கே போகும். அவன்தான் என் தம்பி.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். குப்பைப் பையை அங்கே போட்டுவிடாதீர்கள். நாலு எட்டு வைத்தால் தொட்டி இருக்கிறது.